கோப்பு இலக்கம் ஏழு

பரீனா மெடம் ஏழாம் இலக்கக் கோப்பைத் திறந்தபோது றஜிதா பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தாள். அது அவளுடைய கோப்பு. மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்த ஒரு மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற சட்ட முதுமாணி வகுப்பு அது. மொத்தம் பதினான்கு பேர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை இந்த வருடம்தான் பாடமாகச் சேர்த்திருந்தார்கள். காணி வழக்கென்றால் நித்திரையிலும் வாதாடுகிற சட்டத்தரணிகள் முதல் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்கள். போனுக்குள் கிடக்கிற மெசேஜை எப்படிச் சான்றாக்குவது என்று மெடம் கேட்டதற்கு, அச்செடுத்து ஒப்பம் வைத்தால் போதாதா என்று திருப்பிக் கேட்ட கூட்டம். றஜிதாவும் அதில் ஒருத்திதான், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் அவளுக்குப் பாடம் பிடித்துப்போனது. எட்டு வருடத் தொழிலில் இப்போதுதான் கண் திறந்தது மாதிரி இருந்தது. இரண்டாவது வகுப்பில் மெடம் ஒரு விசயம் சொன்னார். வட்ஸ்அப்பில் படத்தைப் படமாகவே அனுப்பினால், அதற்குள் ஒட்டியிருக்கிற நேரம், போன் விபரம் எல்லாம் உரிந்துபோய்விடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் ஒன்றும் குறையாமல் வந்து சேரும். அன்று பின்னேரமே றஜிதா அஜந்தாவுக்குப் போன் எடுத்தாள். "படம் எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க கா. டொக்கியுமென்டா அனுப்புங்க" என்றாள். சொல்லும்போது தன் குரலில் இருந்த பெருமை அவளுக்கே கேட்டது.

அஜந்தா அவளுடைய கட்சிக்காரி. கொக்கட்டிச்சோலையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிற கிரிசாந்தின் மனைவி. வாவிக்கு மேற்கே உடைகிற போன்களில் பாதி அவன் கைக்குத்தான் போகும். வீட்டில் மனைவியின் போனையும் அவன் விட்டுவைக்கவில்லை. பகலில் யாரோடு எத்தனை நிமிடம் பேசினாள் என்பதை இரவுச் சாப்பாட்டில் சிரித்துக்கொண்டே சொல்வானாம். அடி அதற்குப் பிறகு. ஒருநாள் அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு பையையும் வளர்த்த நாயையும் கொண்டு அஜந்தா பாலம் கடந்து வந்துவிட்டாள். இப்போது செட்டிபாளையத்தில், கட்டாரில் தன்னோடு வேலைசெய்த ஒருத்தியின் வீட்டில் ஒளிந்திருக்கிறாள். அந்தக் கூட்டாளியின் பெயரே கிரிசாந்துக்குத் தெரியாது. பாதுகாப்புக் கட்டளை கேட்டுப் போட்ட மனுவில் முகவரியைக் காட்டாமல் விட நீதவானும் அனுமதித்திருந்தார். புதன்கிழமை விசாரணை. அதுவரைக்கும் அவள் இருக்குமிடம் வெளியே வரக்கூடாது, அவ்வளவுதான் அஜந்தா கேட்டது.

றஜிதா ஒரேயொரு தடவை அங்கே போயிருக்கிறாள். வாசலில் தகரப் படலையோடு கட்டியிருந்த செவலை நாய் அவளைக் கண்டதும் சங்கிலி அறுகிற மாதிரிக் குரைத்தது. "எல்லாரையும் இப்படித்தான் மிஸ்" என்றாள் அஜந்தா. "என்ட அவரு ஒராளக் கண்டாத்தான் வாலாட்டிக் குழையும். குட்டியில இருந்து அவருதானே சோறு வெச்ச." சொல்லிவிட்டு நாயின் தலையைத் தடவினாள். றஜிதா அன்று அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மெடம் கொடுத்த பயிற்சி இதுதான்: சொந்த வழக்கொன்றிலிருந்து ஒரு மின்னணுச் சான்றை, ஆட்களை மறைத்து, வியாழனுக்குள் வகுப்புக் குழுவில் போட வேண்டும். மற்றவர்களுடையதை ஞாயிறுக்குள் கிண்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். றஜிதா, கிரிசாந்தின் மெசேஜுகள் இருக்கிற பழைய போனின் திரையை அஜந்தா புதுப் போனால் எடுத்தனுப்பிய படமொன்றைத் தேர்ந்தெடுத்தாள். 'எங்க போனாலும் வருவன்' என்று மட்டும் அதில் இருந்தது. பெயரையும் நம்பரையும் கறுப்பால் அடித்து, டொக்கியுமென்டாகவே குழுவில் போட்டாள். பெயரை அழித்தால் ஆளே அழிந்துபோகும் என்று நம்புகிற தொழில்தானே இது.

"இத ஆரு எடுத்த எண்டு எனக்குத் தெரியாது" என்றார் மெடம், திரையைப் பார்த்தபடி. "எங்க வெச்சு எடுத்த எண்டு மட்டும் பாப்பம்."

படத்துக்குள் ஒட்டியிருந்த இட விபரத்தில் இரண்டு தடவை தட்டினார். ஒரு வரைபடம் விரிந்தது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே நாடா மாதிரி ஒடுங்கிய நிலம். மெடம் பெரிதாக்கினார். தெரு வந்தது, தென்னைகள் வந்தன, ஒரு ஓட்டுக்கூரையின் மேல் சிவப்புப் புள்ளி வந்து நின்றது. பின்வரிசையில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். அந்தக் கூரையை றஜிதாவுக்குத் தெரியும். டொக்கியுமென்டாக அனுப்பச் சொன்னது அவளுடைய வாய்தான்.

"மெடம், மூடுங்க."

மெடம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். உடனே திரையை அணைத்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, "இந்தக் கோப்ப வகுப்புக்கு வெளியால ஆருக்கும் அனுப்பினீங்களா?" என்றார்.

எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். சதீசன் மட்டும் ஆட்டவில்லை. அவன் ஒரு கம்பனியில் சட்ட அலுவலர், கொக்கட்டிச்சோலைக்காரன். வகுப்பில் அவனைப்போல ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர் இல்லை.

"நான் அனுப்பல்ல மெடம்" என்றான். "எனக்குக் கிண்டத் தெரியல்ல. வெள்ளிக்கிழம எங்கட ஊருல ஒரு போன் கடையில காட்டின. அவருதான் இடத்த எடுத்துத் தந்த."

"ஆருட கடை?" என்றாள் றஜிதா.

"கிரிசாந்த்ட கடை அக்கா. நல்ல மனிசன். முதல்ல படத்தத் திருப்பித் திருப்பிப் பெரிசாக்கிப் பாத்தாரு. மறுகா தேத்தண்ணி வாங்கித் தந்து, ஆறுதலா விளங்கப்படுத்தின." அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "என்னக்கா, ஏதும் பிழையா?"

அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது, ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? வெள்ளி, சனி, இன்று ஞாயிறு. "மெசேஜ் அனுப்பினவன் அவன்தான் மெடம்" என்றுவிட்டு றஜிதா போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு ஓடினாள். பின்னால் மெடம் பொலிசுக்குப் பேசுகிற சத்தம் கேட்டது. வாவியில் வெயில் தகித்தது. ஒரு தோணிக்காரன் அவசரமில்லாமல் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அஜந்தாவின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு என்று வாய்க்குள் சொன்னாள்.

"ஓம் மிஸ்" என்றாள் அஜந்தா. "சோறு வடிக்கன். சொல்லுங்க."

"வீட்டில ஆரு இரிக்காங்க?"

"நான் மட்டும்தான். கூட்டாளி சாமான் வாங்கக் கடைக்குப் போயிட்டா. ஏன் மிஸ்?"

"கதவ எல்லாம் பூட்டுங்க. கேள்வி கேக்காம முதல்ல பூட்டுங்க கா."

நாய் குரைப்பது றஜிதாவுக்குக் கேட்டது. அன்று தன்னைப் பார்த்துக் குரைத்த அதே மாதிரி, சங்கிலி இழுபட. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. யாரோ ஊராள், மீன்காரன், குரைக்கட்டும்.

"ஆரோ படலைக்கிட்ட நிக்காங்க மிஸ்" என்றாள் அஜந்தா. "ஹெல்மெட் போட்டிரிக்கி, ஆள் தெரியல்ல. பொறுங்க, கழட்டுறாங்க."

குரைப்பு நின்றது.

"அஜந்தா" என்றாள் றஜிதா. மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அதற்கும் அப்பால், நாய் சின்னக் குட்டி மாதிரி முனகிக் குழைந்தது. அதன் வால் படலைத் தகரத்தில் டப் டப்பென்று அடிபடுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.