மாமா கையால் வாங்கிய கேஜ்

எங்கள் வீட்டில் கைராசி என்றால் அது என் கணவரின் அண்ணன் காசிநாதன்தான்; நான் மாமா என்று கூப்பிடுவேன். திருப்போரூரில் மனை புரோக்கர். அவர் கையால் அட்வான்ஸ் கொடுத்த மனையெல்லாம் விலை ஏறிவிட்டதாம். ரோடு அகலமாகிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் குப்பைமேடுகூடத்தான் விலை ஏறியது. அதைச் சொன்னால் எனக்கு வாய்க்கொழுப்பு என்பார்கள். மாடு வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் அவர் கைதான் முதலில் பட வேண்டும். என் மாமியார் சம்பூர்ணம், மூத்த பிள்ளையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள்.

என் கணவர் ஆனந்தன் கார் ஏசி மெக்கானிக். மாமாவின் இடத்திலேயே கடை போட்டபோது கேஜும் அவரே வாங்கி வந்தார். ஏசி வேலைக்குக் கேஜ்தான் கண். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு மீட்டர் சேர்ந்த செட். அதன் ரப்பர் குழாயைக் காரில் மாட்டினால் உள்ளே கேஸ் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று முள் காட்டும். எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கவிட்டால் இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மாமா வாங்கிய செட்டில் நீல முள் பூஜ்யத்துக்குக் கீழே படுத்துக் கிடந்தது. உள்ளே இருப்பதைக் குறைத்துத்தான் காட்டும். பெட்டி பளபளவென்று சிவப்பாக இருந்ததைப் பார்த்து வாங்கிவிட்டார் மனிதர். கந்தசாமி கோயிலில் வைத்துச் சந்தனம் பூசிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"முள்ளு கீழ நிக்குதே, மாத்திக்கினு வரச் சொல்லுங்களேன்" என்றேன் கணவரிடம்.

"அண்ணன் ஆசையா வாங்கினு வந்தது. எப்பிடி சொல்றது?"

திருகிப் பார்த்தார். ஒரு நாள் நிற்கும், மறுநாள் பழையபடி படுத்துக்கொள்ளும். கடைசியில் கேஜைப் பேருக்கு மாட்டிவிட்டு, பைப்பைத் தொட்டுப் பார்த்தே வேலை செய்யப் பழகிக்கொண்டார். சில கார்கள் நன்றாகக் குளிர்ந்தன. சில கார்கள் திரும்பி வந்தன. குளிர்ந்தால் அண்ணன் ராசி, திரும்பி வந்தால் ஆனந்தன் கவனக்குறைவு.

இப்படி இருக்கும்போதுதான் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். விருந்தாளிகளை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப் போக வரிசையாக வேன்கள் வைத்திருந்தார்கள். வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ரவிச்சந்திரன் சார் வெளிப்படையாகச் சொன்னார்: முதலில் ஒரு வேன் செய்யுங்கள், சரியாக இருந்தால் எல்லா வேனும் வருடம் முழுக்க உங்களுக்குத்தான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வேலை வந்தால் மாமல்லபுரத்திலேயே தனியாகக் கடை பிடிக்கலாம், தனியாக வீடு எடுக்கலாம். ஒரு திருகாணி வாங்க வேண்டும் என்றாலும் மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

என் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு அவரைச் சென்னையில் வண்டி சாமான் விற்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு இழுத்துப் போனேன். அன்றைக்குத்தான் என் புருஷனுக்கு முதுகெலும்பு இருப்பதைப் பார்த்தேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட முதல் செட்டைத் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தார். "வேணாம், வேற காட்டு" என்றார். அடுத்ததில் வால்வைத் திறந்து மூடி, குழாயின் முனையைக் கசக்கிப் பார்த்தார். "இது ரெண்டு மாசம்கூட வராது" என்று தள்ளினார். மூன்றாவதை ஒரே சிலிண்டரில் இன்னொரு கேஜோடு மாற்றி மாற்றி மாட்டச் சொன்னார். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின. கழற்றியதும் முள் நேராகப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. விரலால் தட்டினார், அசையவில்லை.

"இதைக் குடு" என்றார். கடைக்காரர் "சார் ரொம்ப கரார்" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. வரும்போது பஸ்ஸில் அதை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஓட்டலுக்குப் போகிற அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாமா வந்து நின்றார். "நல்ல வேலை, என் கையால ஆரம்பிச்சு வெக்கிறேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டார். நான் விடவில்லை, நானும் ஏறினேன். ஓட்டல் முற்றத்தில் வேனைத் திறந்து வைத்திருந்தார்கள். மாமா அந்தச் சிவப்புப் பெட்டியைத் தானே திறந்து, கேஜை எடுத்துக் கண்ணில் ஒற்றி, தம்பியிடம் நீட்டினார்.

"மாமா, புதுசு ஒண்ணு கீது பைல" என்றேன்.

"புதுசா? யார் வாங்குனது?"

என் கணவர் என்னை முறைத்தார். "இல்லண்ணா, அது சும்மா ஸ்பேரு" என்று சொல்லிவிட்டு, அண்ணன் கொடுத்ததை வாங்கி மாட்டினார்.

எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது. ரவிச்சந்திரன் சாரோ பக்கத்திலேயே நின்று கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் செய்வதுபோலக் கையால் தொட்டுச் சமாளிக்க வழியே இல்லை. கேஸ் ஏறியது. என் கணவர் பைப்பைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது.

"போதும் சார்" என்றார்.

"முள்ளு இன்னும் நம்பருக்கு வரலியேப்பா?"

ஒரு வார்த்தை, "கேஜ் சரியில்ல சார்" என்றால் போதும். பை என் கையில்தான் இருந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார்.

"ஏத்துடா, சார்தான் சொல்றாரு இல்ல" என்றார் மாமா.

ஏற்றினார். முள் மெதுவாக அந்த எண்ணுக்கு வந்தது. முற்றத்து நிழலில் வேனுக்குள் குளிர் வரத்தான் செய்தது. மாமா உள்ளே உட்கார்ந்து குளிர்காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டார்.

மறுநாள் கத்திரி வெயிலில், நிறைய விருந்தாளிகளோடு ஏர்போர்ட்டுக்குப் போன வேன் கோவளம் தாண்டியதும் அதிகமாக ஏறிய கேஸின் அழுத்தம் தாங்காமல் வால்வு திறந்துகொண்டது. சீறிக்கொண்டு வெள்ளையாகப் புகை. தீப்பிடித்துவிட்டது என்று வெள்ளைக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் குதித்திருக்கிறார்கள். ரவிச்சந்திரன் சார் எங்களைத் திட்டக்கூட இல்லை. "இனிமே வராதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை. மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா அந்தப் புது கேஜை வெளியே எடுத்து வைத்து, பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு. நடுவுல எவன் கைபட்டதோ, இது வந்துச்சு, வேலை போச்சு. யார்ரா வாங்குனது?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அத்தனை கேஜைத் தள்ளிவிட்டு இதைப் பொறுக்கி எடுத்த மனிதர். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இவதாண்ணா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

நான் கடைக்கு வரக் கூடாது என்று முடிவானது. கேஜை வீட்டில் வைத்திருந்தால் தோஷம் என்று மாமா எடுத்துப் போய், கேளம்பாக்கத்து மெக்கானிக் ஏசுதாஸிடம் தள்ளிவிட்டார். ஓட்டல்காரர்கள் அடுத்து கூப்பிட்டது அந்த ஏசுதாஸைத்தான். முதல் வேன் சரியாக வந்தது. பிறகு எல்லா வேனும் அவரிடம் போயின.

போன வாரம் ஏசுதாஸ் ஸ்வீட் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவைத் தேடித்தான் வந்திருக்கிறார்.

"இன்னா கைண்ணா உங்குளுது. நீங்க குடுத்த கேஜ் வந்ததுலேர்ந்து நிக்க நேரம் இல்ல. மாமல்லபுரத்துல கடை போடப் போறேன். அதுக்கு வேக்கம் பம்பு மெஷினும் நீங்கதான் வாங்கித் தரணும்."

மாமா அடக்கமாகச் சிரித்தார். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடா ஆனந்தா, உங்கண்ணன் கைய" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் என் கணவர். ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் பெட்டியை என் பக்கம் நீட்டினார், எடுத்துக்கோ என்று.