அறுபத்து நான்காம் பாடம்

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் முதல் பாடத்தைக் கேமரா முன் நின்று சொல்லி முடித்தது ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றேகாலுக்கு. பதினொன்று இருபதுக்கு அந்தப் பாடம் அவர் வாயில் இல்லை. மறந்துபோய்விடவில்லை. இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்பது படத்தோடு தலைக்குள் பத்திரமாக இருந்தது. சொல்ல வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. கரும்பலகையில் எழுதிப் பார்த்தார், சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போனதே தவிர ஒரு கோடு விழவில்லை. மற்றபடி அன்றைக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. குழாயில் தண்ணீர் வந்தது, மூன்றாம் பீரியடு மணி இரண்டு நிமிடம் தாமதமாக அடித்தது.

அந்தப் பள்ளிக்கு நகரத்தில் நான்கு கிளைகள். நான்கிலும் வகுப்புக்கு ஒன்றாகப் பெரிய திரைகளை மாட்டிவிட்டு, தாளாளர் எல்லா ஆசிரியர்களையும் கூட்டி உட்காரவைத்துப் பேசியிருந்தார். நல்ல டீச்சர் ஒரு வகுப்பில்தான் நிற்க முடியும், நல்ல வீடியோ நாலு இடத்தில் நிற்கும் என்பது அவர் பேச்சின் சாரம். ஒவ்வொருவரும் தங்கள் வருடப் பாடம் முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்து தந்துவிட வேண்டும். ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு அறுபத்து நான்கு பாடங்கள். படம் பிடிக்க வந்தவர் எதைச் சொன்னாலும் ஓகே சொல்லுவார் என்பதால் இரண்டாம் நாளே அவருக்கு 'ஓகே சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. இருபத்து நான்கு வருடம் பாடம் எடுத்த டீச்சருக்கு ரிமோட்டைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கும். எந்தப் பொத்தானைத் தொட்டால் எது கெட்டுப்போகுமோ என்ற பயத்தில், அதை ஒரு கைக்குட்டையால் பிடித்துக்கொள்வார்.

அந்தப் பதற்றத்தில்தான் முதல் நாளே ஒரு தப்பு செய்தார். எந்த வகுப்பையும் வருகைப் பதிவு எடுக்காமல் தொடங்கிப் பழக்கமில்லாதவர், பதிவேட்டைக் கையோடு கொண்டுபோய், காலி பெஞ்சுகளைப் பார்த்து நாற்பத்தொரு பெயரையும் வரிசையாகக் கூப்பிட்டுவிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வர இடமும் விட்டார். ஓகே சார் ஓகே என்றார். பாடத்தோடு அந்த நாற்பத்தொரு பெயர்களும் போய்விட்டன. மறுநாளிலிருந்து டீச்சர் பிள்ளைகளை விரல் நீட்டித்தான் கூப்பிட முடிந்தது. பிள்ளைகள் அவர்மேல் இரக்கப்பட்டுத் தங்களுக்குள் வைத்திருந்த பட்டப்பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவை மட்டும் சுலபமாக வாயில் வந்தன. நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி முதல் பெஞ்சைப் பார்த்து "சுண்டெலி, எழுந்து நில்லு" என்று சொல்லும்படி ஆனது. நான்காம் கிளையில் ஏழாம் வகுப்பில் இருந்தது இருபத்தொன்பது பேர். அங்கே அந்த வீடியோ ஓடியபோது நாற்பத்தொரு குரல்கள் 'உள்ளேன்' என்றன. அங்கிருந்தவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் நாற்பத்தொன்று என்றே எழுதிக்கொண்டார்கள்.

வாரத்துக்கு இரண்டு பாடம் என்று கணக்கு. காந்தம் போனது, எலும்புகள் போயின, நீராவி போனது. ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் டீச்சர் பள்ளிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வரி சொல்லிப் பார்ப்பார். வராது. தொண்டை டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று வாயுவுக்கு ஒரு மாத்திரை எழுதினார். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வாயை ரெண்டு தடவை நல்லாத் தொறந்து தொறந்து மூடிப் பாரேன். கதவு சிக்கினா நாங்க அதத்தான் பண்ணுவோம்."

"விளையாடாதீங்க. அறுபத்து நாலும் போயிடுச்சுன்னா நான் அந்த வகுப்புல என்னன்னு போய் நிக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் பள்ளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. ஓவிய வாத்தியாருக்கு மொத்தம் இருபது பாடம்தான். மளமளவென்று முடித்துக் கொடுத்தார். மறுமாதம் அவரைப் பேருந்துப் பொறுப்புக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் அதேதான், நாற்காலிகூடக் கொடுத்தார்கள், ஆனால் காலையிலும் மாலையிலும் எந்தப் பேருந்து வந்தது எது வரவில்லை என்று எழுதுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. டீச்சர் ஒருநாள் அவரிடம் போய், பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சும்மா ஒரு பூனை வரைந்து தரச் சொன்னார். ஓவிய வாத்தியார் பேனாவைத் திறந்தார், சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கை வலிம்மா" என்றார். தனக்கு மட்டும் நடக்கவில்லை என்பதில் ஆறுதல் இருக்கும் என்று நினைத்திருந்தார், அப்படி எதுவும் இல்லை.

வகுப்பில் பாடம் ஓடும்போது டீச்சர் திரைக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரிக் கைகட்டி நிற்பார். திரைக்குள் இருந்தவர் நன்றாகத்தான் நடத்தினார். வெளியே நிற்பவருக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் ஓரத்தில் நின்று பார்க்கப் பார்க்க, இருபத்து நான்கு வருடமாகப் பார்க்காத ஒன்று டீச்சர் கண்ணில் பட்டது. திரைக்குள் இருந்தவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "புரிஞ்சுதா?" என்று கேட்டார். ஒரு மூச்சு விடும் நேரம் நின்றார். பிறகு மேலே போய்விட்டார். அந்த ஒரு மூச்சுக்குள் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்க முடியாது. பாதிப் பேர் பேந்தப் பேந்த விழித்தார்கள், மீதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். நான் இத்தனை வருடமும் இப்படியா கேட்டுக்கொண்டிருந்தேன் என்று டீச்சருக்கு வெட்கத்தில் காது சூடானது. இலைப் பாடம் ஓடிய ஒருநாள், தன் குரலைத் தானே கேட்கச் சகிக்காமல் சத்தத்தைக் குறைக்கப் போனவர், கைக்குட்டை நழுவி வேறு பொத்தானை அழுத்திவிட்டார். படம் நின்றது. வகுப்பும் நின்றது.

அந்த அமைதியில், 'சந்தேகம்' என்று பட்டப்பெயர் பெற்ற பெண் எழுந்தாள்.

"டீச்சர், வெயில் இருந்தாத்தான் இலை சாப்பாடு பண்ணும்னா, ராத்திரி பூரா பட்டினியா கெடக்குமா?"

டீச்சருக்குப் பதில் தெரியும். வாய் திறந்தது, காற்று வந்தது. மூன்றாம் பெஞ்சிலிருந்து சுண்டெலியின் பங்காளியான உருளை, "ஏன், பகல்ல சமைச்சத எடுத்து வச்சுக்கும், ராத்திரி அதத் திங்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் நாக்கில் ஏதோ எடை கூடியிருந்தது. மெல்ல, "இலை பகல்ல சமைச்சு எடுத்து வச்சுக்கும்" என்று சொல்லிப் பார்த்தார். வந்தது. தெளிவாக வந்தது. தயாரிக்கும், சேமிக்கும் என்று அவர் வழக்கமாகச் சொல்லும் சொற்கள் எதுவும் வரவில்லை, உருளையின் சொற்கள்தான் வந்தன. ஆனால் பாடம் அதுதான்.

அன்றிலிருந்து ரிமோட்டுக்குக் கைக்குட்டை தேவைப்படவில்லை. டீச்சர் வீட்டில் தன் வீடியோக்களைத் தானே உட்கார்ந்து பார்த்து, எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்துவது, நிறுத்திவிட்டு என்ன கேட்பது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். பின்னால் ஓட்டக் கற்றார், மெதுவாக ஓட்டக் கற்றார், சத்தத்தை எடுத்துவிட்டுப் பிள்ளைகளையே பேசவைக்கக் கற்றார். தன் கைப்பேசியை ஒரு கம்பியால் திரையோடு இணைத்து, பிள்ளைகள் கொண்டுவந்த இலையின் நரம்புகளைச் சுவர் அளவுக்குக் காட்டினார். அந்தக் கம்பியை எங்கே சொருகுவது என்று அவருக்குச் சொன்னவள் 'சந்தேகம்'தான். ஒரு பாடம் பிள்ளைகள் வாயில் புகுந்து அவர்கள் சொல்லாக வெளியே வந்தால், அது டீச்சருக்குத் திரும்பக் கிடைத்தது. வராவிட்டால் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்த வாரம் காந்தம் நடந்தது, காந்தம் திரும்பவே இல்லை. ஒளி இரண்டு வரிதான் வந்தது. வருடக் கடைசியில் அறுபத்து மூன்றில் பத்தொன்பது பாடங்கள் போனவை போனவைதான். கற்றுக்கொண்ட சந்தோஷம் இருந்தது, ஆனால் பயம் அதைவிட ஒரு படி முன்னால் நடந்தது.

மிச்சம் இருந்தது அறுபத்து நான்காம் பாடம், காற்றுக்கு எடை உண்டு என்பது. அதைக் கொடுத்துவிட்டால் தானும் ஓவிய வாத்தியார் பக்கத்தில் நாற்காலி போட வேண்டியதுதான் என்று டீச்சருக்குத் தெரியும். தொண்டை வலி என்றார், ஓகே சார் ஓகே என்றார். மின்சாரம் சரியில்லை என்றார், அதற்கும் ஓகே. மூன்று வாரம் இப்படிப் போனபின் தாளாளர் கூப்பிட்டனுப்பி, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க டீச்சர். உங்களுக்கு அடுத்த பொறுப்பு யோசிச்சு வச்சிருக்கேன்" என்று அன்பாகவே சொன்னார். மாற்றல் கடிதம் மேசையில் தட்டச்சு செய்து கிடந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் 'பேருந்து' என்ற சொல் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு காலி டம்ளரோடு போனார். கேமரா முன் நின்று வலது கையால் டம்ளரை நீட்டினார். "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். ஒரு மூச்சு அல்ல, பத்து நிமிடம். பிறகு அடுத்த கேள்வி, மறுபடி பத்து நிமிடம். இப்படி நான்கு.

"டீச்சர், பேசுங்க" என்று ஓகே சார் கிசுகிசுத்தார்.

"பேசியாச்சு சார். இப்ப அவங்க பேசுற நேரம்."

நாற்பது நிமிடம் ஓடி முடிந்ததும் டீச்சர் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். காற்றுக்கு எடை உண்டு என்று சொல்லிப் பார்த்தார். சொல்ல வந்தது. அதன் கீழே இருந்த மற்ற வரிகளும் வந்தன. கேள்வியை மட்டும் கொடுத்திருந்தார், பாடம் அவரிடமே இருந்தது. அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரிடமும் காற்றுக்கு எடை உண்டு என்று சொன்னார். "இருந்துட்டுப் போகட்டும்" என்று அவர் திருகாணியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

தாளாளர் கேமராவிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். நாற்பது நிமிடத்தில் பேச்சு ஒரு நிமிடம் தேறாது, மீதியில் ஒரு பொம்பளை டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றார். கடிதத்தில் புதன்கிழமை என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டார். இருந்தாலும் ஓடுகிறதா பார்க்கலாம் என்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாம் கிளையில் ஒரு குமாஸ்தா ஆளில்லாத வகுப்பறையில் அதைப் போட்டார். படம் முதல் கேள்விக்கு வந்தது, நின்றது. பத்து நிமிடம் கழித்தும் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. குமாஸ்தா எல்லாப் பொத்தானையும் அழுத்தினார், கடைசியில் பிளக்கையே பிடுங்கினார். திரை அணையவில்லை. டீச்சர் டம்ளரை நீட்டியபடி காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதே பத்து மணிக்கு, துணி உலர்த்திக்கொண்டிருந்த டீச்சரின் வலது கை முன்னால் நீண்டு அப்படியே நின்றுவிட்டது. மடக்க முடியவில்லை. இடது கையால் சாப்பிட்டார். கணவர் தோளுக்குத் தைலம் தேய்த்தார், பிறகு அந்தக் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார், வெறுங்கையாக நீட்டிக்கொண்டிருப்பதைவிட அது பார்க்கக் கொஞ்சம் பரவாயில்லை. ஞாயிறு போனது, விடுமுறையான திங்களும் போனது. செவ்வாய் காலை பேருந்தில் ஒருவர் அதில் சில்லறை போடப் பார்த்தார். டீச்சருக்கு அழுகை முட்டியது. வலிக்காக அல்ல. யாரும் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவரைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு, டீச்சர் வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது கை தானாக இறங்கியது. எங்கேயோ, முகம் தெரியாத ஒரு பிள்ளை "காத்து" என்று சொல்லியிருந்தது. டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதார். குமாஸ்தா சொன்னதைக் கேட்டு இரண்டாம் கிளைக்கு நேரில் போன தாளாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். திரைக்குள் இருந்தவர் இரண்டாம் கேள்விக்கு வந்து காத்திருக்க, டம்ளரைக் கவிழ்த்தால் காற்று கொட்டிவிடுமா என்று முப்பத்தாறு பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. தாளாளர் கடிதத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை. மற்ற பாடங்களையும் இப்படி எடுக்க முடியுமா என்று மட்டும் ஆளனுப்பிக் கேட்டார். பிள்ளைகளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று டீச்சர் பதில் அனுப்பினார். அதுமுதல் நான்கு கிளைகளிலும் திரைக்குப் பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது: பாடம் போடுமுன் அறையில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும், டீச்சருக்குக் கை வலிக்கிறது.