வலது ஓரம்

கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்தார். படம் ஓடவில்லை. கூட நடித்தவளை அண்ணன் இன்னும் மறக்கவில்லை என்று என் நாத்தனார் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். அவர் மனசில் அவளுக்கு இம்மியளவு இடம்கூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அந்தப் படம் என் மேஜைக்கே வந்தது. பழைய படங்களைப் போனில் பார்க்கிற மாதிரி மாற்றித் தருவதுதான் எங்கள் கம்பெனி வேலை. அகலமான படத்தை நெட்டுக்குத்தான திரையில் எப்படி அடக்குவது? முழுசாக வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து, நடுவில் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள். பக்கவாட்டில் நெருக்கினால் எல்லோரும் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி தெரிவார்கள். ஓரத்தை வெட்டினால்தான் முகம் முகமாக இருக்கும். எந்த ஓரத்தை என்பது வெட்டுகிறவர் பாடு.

"பேசறவங்க முகத்த விட்டுடாதீங்கம்மா, அது போதும்," என்றார் சூப்பர்வைசர்.

பேசுகிறவள் அவள்தான். ரயில் பெட்டியில், மாடிப்படியில், மழைக்கு ஒதுங்கிய கடை வாசலில், ஓயாமல் பேசுகிறாள். நல்ல அழகி வேறு. சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அவள் எப்போதும் வலது ஓரம், இவர் இடது ஓரம். எதை வைத்துக்கொள்வது என்று காட்டும் கட்டத்தை இழுத்து இவர்மேல் வைத்தேன். அவள் தோள், கொண்டை, நீட்டிய கை எல்லாம் போய்ச் சேர்ந்தன. அன்று மத்தியானச் சாப்பாடு தேவாமிர்தமாக இறங்கியது. சரிபார்க்க வந்த சூப்பர்வைசர், அவள் காட்சி வருவதற்குள் டீ குடிக்கப் போய்விட்டார்.

முழுப் படத்தையும் போனில் ஓட்டிப் பார்த்தேன். திரை நிறைய இவர் முகம். கண் இமைக்காமல் பார்க்கிறார், ஒரு சொல் விடாமல் கேட்கிறார். நான் பேசினால் பேப்பரிலிருந்து தலை தூக்காத மனுஷன்! போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் என்னைத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் அதை நாலைந்து தடவை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னங்க, உங்க படம். பாருங்க."

ரயில் காட்சி வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவ எங்க?"

"சின்ன ஸ்கிரீன்தானே. ரெண்டு பேருக்கு இடமில்ல."

போனைப் படுக்கையாகத் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். அவள் இல்லை. கத்துவார், பதிலுக்கு நாலு கேட்கலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அவள் குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. பார்த்துப் பார்த்து வெட்டிய எனக்கு, குரல் மிஞ்சும் என்று தோன்றவே இல்லை.

"என்னங்க," என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "உஷ்," என்றார்.