ஐம்பது பவுன் மனசாட்சி

முஹம்மது அனஸின் மனசாட்சிக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐம்பது பவுனும் ஒரு காரும் விலை வைக்கப்பட்டது. வைத்தவள் அவனைப் பெற்ற ஷமீமா. அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் கேட்டு வந்து, பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, சோபாவில் சாய்ந்து பல்லைக் குத்திக்கொண்டே வைத்தாள்.

பெண்ணைப் பெற்ற சேக் முகைதீன் விலைக்கெல்லாம் அசருகிறவர் இல்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருக்கிறார். மீட்டருக்குப் பத்துக் காசு குறைக்க அரை நாள் பேசுவார். அவருக்கே தண்ணீர் தொண்டையில் சிக்கியது. இந்த மாப்பிள்ளைக்கு விலையே கிடையாது என்றல்லவா நினைத்திருந்தார்!

அனஸ் கல்லூரியில் உளவியல் பாடம் எடுப்பவன். மாதம் ஒருமுறை ஜமாத் மண்டபத்தில் மார்க்கத்தையும் ஜெர்மனித் தத்துவத்தையும் கலந்து பேசுவான். "நீங்க செய்யுற காரியத்தை எல்லாரும் செஞ்சா உலகம் தாங்குமான்னு கேளுங்க. தாங்காதுன்னா அது பாவம். மனுசனைச் சாமானாப் பாக்காதீங்க" என்று அவன் முழங்கிய வீடியோ சேக் முகைதீனின் மகள் அல்ஃபியாவின் போனுக்கும் வந்தது. பவுன் பேரத்தில் இரண்டு சம்பந்தம் முறிந்து இருபத்தேழு வயதில் நின்றவள், அதை நாலு முறை கேட்டாள். பிறகு, "அத்தா, இவரைப் பாருங்க" என்றாள். அவள் தன் வாயால் ஒருவனைச் சொன்னது அதுவே முதல் தடவை.

"தங்கச்சி, பொண்ணு வீட்டுல கைக்கூலி வாங்குறது ஹராம்னு தம்பி மேடையில பேசுச்சே?" என்றார் ஷமீமாவிடம்.

"கைக்கூலின்னு யாருண்ணே சொன்னா? ஒங்க மகளுக்கு நீங்க போடுறீக. அது எங்க வீட்டுல இருக்கப்போகுது."

சேக் முகைதீன் மாப்பிள்ளையைப் பார்த்தார். அனஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

"நான் கேக்கல மாமா. அத்தா சின்ன வயசுலயே மௌத்தாயிட்டாங்க. அதுல இருந்து அம்மாவுக்கு மனசுல ஒரு பயம். தங்கம் அவங்களுக்கு நகை இல்ல, ஆறுதல். பெத்தவ மனசை நோகடிச்சா மார்க்கப்படியும் பாவம், சைக்காலஜிப்படியும் தப்பு."

"ஆறுதல் ஐம்பது பவுனா?"

"இங்கிலாந்துல ஒரு தத்துவம் இருக்கு மாமா. நெறையப் பேருக்குச் சந்தோசம் தர்றதுதான் சரியான காரியம். எங்க வீட்டுல நாலு பேர். ஒங்க ஒருத்தருக்குத்தான் செத்த சிரமம்."

"முப்பது வருசமா யாவாரம் பாக்கேன். இம்புட்டு நாகரிகமா எவனும் என் பையில கைவிட்டதில்ல தம்பி."

கோபம் என்னவோ நிஜம்தான். ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? "முப்பது பவுன்னா யோசிக்கலாம்" என்று அதே மூச்சில் சொல்லிவிட்டார்.

"நாப்பத்தஞ்சு" என்றாள் ஷமீமா.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அல்ஃபியா வெளியே வந்தாள்.

"மாமி, மாப்பிள்ளை எனக்குத் தர்ற மஹர் எம்புட்டு?"

"ஊர் வழக்கம்தான். ஆயிரத்தொண்ணு ரூவா."

"எனக்கு ஐம்பது பவுன் வேணும். நிக்காஹ்ல மைக்குல சொல்லணும். மஹர் கேக்குறது பொண்ணோட உரிமைதான?"

"ஏட்டி, இது பொம்பளப் புள்ள பேசுற பேச்சா?"

அல்ஃபியா அனஸ் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. எல்லாப் பொண்ணும் ஐம்பது பவுன் கேட்டா உலகம் தாங்குமா?"

"அதெப்படிங்க தாங்கும்?" என்றான், யோசிக்காமல்.

"எல்லா மாப்பிள்ளையும் கேட்டா மட்டும் தாங்குதாக்கும்?"

அனஸ் எழுந்து, சேக் முகைதீன் காதருகே குனிந்து, மிகுந்த அக்கறையோடு சொன்னான்: "ரெண்டு சம்பந்தம் தட்டிப்போனதுல இவங்க மனசுல காயம் இருக்கு மாமா. ஒரு கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போங்க. தெரிஞ்ச டாக்டர் இருக்காரு."

வந்த கார் திரும்பிப் போனது. அல்ஃபியா போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தாள். கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"படிச்ச களவாணிப் பய!" சேக் முகைதீன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "கட்டிக்கப்போறவகிட்டயே பறிக்கப் பாக்கான். இவனுக்கெல்லாம் மார்க்கம் ஒரு கேடா?"

எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சௌதா நிமிரவில்லை. "எனக்கு நீங்க இன்னும் தரலையே" என்றாள்.

"என்னத்தை?"

"மஹரை. ஐநூத்தியொண்ணு. கல்யாணத்தன்னைக்கே, 'வேணாம், மாப்புக் குடுத்துட்டேன்னு சொல்லு'ன்னீக. நான் வாயவே தொறக்கல. சரின்னு நீங்களா எடுத்துக்கிட்டீக."

"இருபத்தெட்டு வருசம் கழிச்சுக் கேக்குற நேரமா இது?"

"எம் மக கேட்டாள்ல. அதைப் பாத்துத்தான் எனக்கும் கேக்கத் தோணுச்சு."

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விறைப்பாகப் பர்ஸைத் திறந்து, ஒரு ஐநூறு ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாயையும் மேஜையில் வைத்தார். சௌதா கையைக் கழுவி, சேலையில் துடைத்து, எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தீந்துச்சா?" என்றார்.

"இது தீந்துச்சு. எங்க அத்தா போட்டு அனுப்புன இருபத்திரண்டு பவுனு? தறி வாங்கணும்னு வித்தீகளே?"

அவர் பர்ஸை மறுபடி திறந்தார். என்ன விலையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடினார்.

தறிக் கணக்கு எழுதுகிறவள் அல்ஃபியாதான். நோட்டை எடுத்து, அத்தா பெயரில் ஒரு புதுப் பக்கம் போட்டு எழுதினாள்:

மஹர், ரூபாய் ஐநூற்றொன்று. செலுத்தியாயிற்று.

நகை, இருபத்திரண்டு பவுன். பாக்கி.