எசுதர் திரும்பாத வீடு

பனிக்காலத்தின் பின்கூறாகிய அந்நாளில், மாசச்சூசெட்சு மலைச்சாரலில் ஒடுங்கிக் கிடக்கும் ஏல்டன் என்னும் சிற்றூரின்மேல் பிற்பகல் வெயில் விழுந்தும் சுடாது, வெண்பனி மூடிய கூரைகளைப் பொன்னிறமாக்கி, இலையுதிர்ந்து நின்ற மேப்பிள் மரங்களின் நிழலை நீலமாய் நீட்டி, உறைந்த ஆற்றின் மறுகரையில் ஓய்ந்து கிடந்த மரமறுக்கும் ஆலையையும் மேட்டில் நிமிர்ந்து நின்ற வெள்ளைக் கோயிலையும் ஒருசேரத் தழுவிக்கொண்டிருந்தது. ஆடவர் பலர் வடகாட்டில் மரம் வெட்டச் சென்றிருந்தமையால் தெருக்கள் அரவமற்றுக் கிடந்தன. ஊரின் உயிரெல்லாம் அப்பொழுது திருச்சபை மூப்பர் கில்மன் வீட்டு முன்னறையில் கூடியிருந்தது என்றால், படிப்பவர் அதனை மிகையென்று எண்ண வேண்டா. வியாழன்தோறும் மகளிர் தையற்கூட்டம் அங்கேதான்.

அறையின் நடுவே நான்கு மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டப்பெற்ற ஒட்டுப்போர்வையைச் சூழ்ந்து மகளிர் ஊசியோட்ட, ஒருத்தி மட்டும் சாளரத்தருகே அமர்ந்து அனைவரும் கேட்கப் படித்தல் அவ்வூர் வழக்கம். மூட்டுநோய் கண்டு விரல் மடங்காத மூப்பரின் மனைவி புரூடன்சே என்றும் படிப்பவள். பாசுடனிலிருந்து வரும் திங்களிதழ் ஊருக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அவள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. தைப்பவள் தலைநிமிர்ந்தால் தையல் கோணிவிடுமாதலால் எட்டிப் பார்ப்பாரும் இலர். அவள் வாயில் வந்ததே கதை, அவள் மூச்சு வாங்கிய இடமே இயல் முடியும் இடம். இதில் இதுவரை எவருக்கும் குறை இருந்ததில்லை.

சட்டத்தின் வடபுறத்தில் குனிந்த தலை நிமிராது தைத்துக்கொண்டிருந்தாள் அக்சாள். போதகர் எலியாப் வெண்டலின் மனைவி, நாற்பதைக் கடந்தவள், மூன்று பிள்ளைகளைப் பெற்று இருவரைப் புதைத்தவள். ஓராண்டாக அக்கூட்டம் நெஞ்சு பதைக்கக் கேட்டுவரும், கணவனின் கொடுமையில் வாடும் எசுதர் என்பாளின் தொடர்கதையை எழுதியவளும் அவளே. அதனை ஊரார் அறியார். அவள் கணவரும் அறியார். கன்னிப் பருவத்தில் சிறுவர்க்கான நன்னெறிக் கதைகள் எழுதிப் பழகிய கை அது. மணமான பின்னும் ஓயாது, கணவர் மாடியில் மறையுரை எழுதும் காலைப்பொழுதுகளில், கீழே அடுப்படியில் மாவுப் பீப்பாயின் மூடியையே எழுதுபலகையாக்கி, முதலில் தந்தை இழந்த நிலத்தைத் தானே உழுது மீட்ட மகள் ஒருத்தியையும், அடுத்து மருத்துவம் கற்கச் சென்று ஊராரால் எள்ளப்பட்ட கைம்பெண் ஒருத்தியையும் அவள் படைத்தாள். பெண் என்பவள் வீட்டுப் பொருள்களுள் ஒன்றல்லள் என்பதே அவள் எழுதிய எல்லாவற்றிலும் ஊடோடிய பொருள். சைலசு பார்ன் என்னும் ஆண்பெயருக்குள் ஒளிந்து, அடுத்த ஊர்த் தங்கை வழியாகவே தாள்களை விடுத்து வந்தாள். போதகரை மறுபடியும் வைத்துக்கொள்வதா வேண்டாவா என்று ஆண்டுதோறும் வேனிலில் முடிவு செய்பவர் மூப்பர் கில்மன். உண்மை வெளிப்பட்டால் குடியிருக்கும் வீடும் மிஞ்சாது.

“இந்த சைலசு பார்ன் பெரிய கில்லாடிதான்,” என்றாள் வாயாடி தொற்காள், நூலைப் பல்லால் கடித்தபடி. “ரொட்டி மாவு புளிக்கலேன்னா பொம்பளைக்கு வயித்துல என்ன பண்ணும்னு அந்தாளு எப்படி எழுதறாரு பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கு மாவு எந்தப் பானையில இருக்குன்னே தெரியாது.”

“பொண்டாட்டி சொல்லிக் குடுத்திருப்பா,” என்றாள் புரூடன்சு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

“அப்படின்னா கதைக்கு வர்ற பேரு அவளுக்குல்ல வரணும்?”

பெண்கள் சிரித்தனர். அக்சாளும் சிரித்தாள், ஊசி விரலில் ஏறியதை ஒருவரும் காணவில்லை. அவள் கண் எதிர்ப்புறத்தில் இருந்த லவீனாவையே நாடிற்று. இருபத்தைந்து அகவை நிரம்பாத அவ்விளம்பெண் சிரிக்கவில்லை. மணிக்கட்டுவரை இழுத்துவிட்ட சட்டைக்கைக்குள் என்ன கன்றியிருக்கிறது என்பதை ஊரே அறியும், ஆனால் ஊரே பேசாது. காட்டிலிருந்து வாரக் கடைசியான காரிக்கிழமைதோறும் வீடு திரும்பும் அவள் கணவன் ஈரா, குடித்தால் கை நீட்டுவான். குடியாத நாளிலும் நீட்டுவான். பிள்ளை தந்தைக்கே உரியது என்று முறைமன்றம் சொல்லும் என்பதால், ஐந்து அகவை மகளை விட்டுப் போகவும் முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் அஞ்சி அவள் கிடந்தாள்.

சென்ற வியாழன், கூட்டம் கலைந்து பனியில் நடந்து வருகையில், அவள் அக்சாளின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். “அக்கா, நெசவாலை ஊர்ல எங்க அத்தை இருக்கு. வாடி, எடம் பாத்து வெச்சிருக்கேன்னு கூப்புடுது. போகலாமான்னு தெனம் நெனைக்கறேன், காலு வரமாட்டேங்குது. அந்த எசுதர் அடுத்த வாரம் என்ன பண்றாளோ, அதத்தான் நானும் பண்ணப்போறேன். சிரிக்காதீங்க.” அக்சாளுக்குச் சிரிப்பு வரவில்லை. எசுதர் என்ன செய்தாள் என்பதை அவள் அறிவாள். கதைத்தலைவி கணவனிடம் திரும்பியே ஆக வேண்டும் என்று பாசுடன் இதழாசிரியர் இரண்டு திங்கள் மல்லுக்கு நின்றபோதும், ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று அவள் அடம்பிடித்து வென்ற முடிவு அது.

புரூடன்சு படிக்கலானாள். குளிர்காலை, மகளுக்குக் காலணி மாட்டும் எசுதர், கட்டி வைத்த மூட்டை, மாடியில் உறங்கும் கணவன் என ஒவ்வொன்றாக வந்தன. ஊசிகள் நின்றன. தாள் புரண்டது. புரூடன்சு தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு குரல் முன்னினும் இனிமையாய் ஒழுகிற்று.

“எசுதர் வாயிற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள். மாடியேறிச் சென்று கணவனின் காலடியில் மண்டியிட்டு, என் வன்னெஞ்சைப் பொறுத்தருளும் என்று கண்ணீர் உகுத்தாள். அன்றுமுதல் அவ்வீட்டில் அமைதி நிலவியது.”

தொற்காள் மூக்கை உறிஞ்சினாள். நல்ல முடிவு, குடும்பத்துக்கேற்ற முடிவு என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லினர். அக்சாளோ, அச்சுக்கூடத்தார் முடிவை மாற்றிவிட்டனரோ என்று ஒரு நொடி ஐயுற்றாள். ஆயின் புரூடன்சின் கண் தாளின்மேல் ஓடவேயில்லை, சாளரத்துக்கு வெளியே நின்றது என்பதை அவள் கண்டிருந்தாள். எதிர்ப்புறத்தில் லவீனா ஊசியில் நூல் கோக்க முயன்று, முடியாமல், மறுபடியும் முயன்றாள்.

“சரி,” என்றாள் லவீனா, எவரிடமும் அல்லாமல். “அவளே போய் கால்ல விழுந்துட்டா. அப்புறம் நான் யாரு.”

வாய் திறந்தால் வீடு போகும். கணவரின் இருபதாண்டு உழைப்பு ஒரே மாலையில் பாழாகும். திறவாவிட்டால், தான் படைத்த பெண்ணின் பெயரால் ஓர் உயிருள்ள பெண் காரிக்கிழமை இரவுக்குத் திரும்பிச் செல்வாள். இதனை நிறுத்துப் பார்க்க அக்சாளுக்கு நெடுநேரம் வாய்க்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“மூப்பரம்மா, அங்க அப்படி இல்ல.”

“எங்க எப்படி இல்ல?”

“கடைசிப் பக்கம். நான் சொல்றேன் கேளுங்க.” எழுந்து நின்றாள், குரல் முதலில் இடறிற்று, பிறகு நிலைத்தது. “எசுதர் வாயிற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்க எழுந்துகொண்டிருந்தது. பழக்கத்தால் அவள் கால் அதை இறக்க ஓரடி எடுத்து வைத்தது. பின்பு மகளின் கையைப் பற்றிக்கொண்டு, பொங்கட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.”

“இன்னும் யாரும் படிக்காத பக்கம் போதகரம்மாவுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் தொற்காள் மெல்ல.

“நான் எழுதினது. சைலசு பார்ன்னு யாரும் இல்ல. நான்தான்.”

புரூடன்சு கண்ணாடியைக் கழற்றினாள். சினந்து வெடிப்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, அவள் குரல் தாழ்ந்தே வந்தது. “நேத்தே படிச்சுட்டேன். எல்லாம் தெரிஞ்சுதான் மாத்தினேன். இந்தப் புள்ளைங்க குடும்பம் கெட்டுடக் கூடாதுன்னு மாத்தினேன்னு நெனச்சுக்கோ.” அதுவரை நீங்கள் என்று பன்மையில் அழைத்த வாய் ஒருமைக்கு இறங்கியிருந்தது. “ஆனா அது மட்டும் இல்ல. நான் அந்தப் பால இறக்கி வெச்சவடி. முப்பது வருசமா இறக்கி வெச்சுக்கிட்டே இருக்கேன். என்னப் பத்தி உன் கதையில ஒரு வரி இருக்கா? வெளிய போனவ மட்டுந்தான் உனக்குப் பொம்பளையா?”

புரூடன்சு எழுந்து வந்து இதழை அக்சாளின் கையில் திணித்தாள். “உன் சரக்கு. நீயே எடுத்துட்டுப் போ.”

அதற்குள் லவீனா தன் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தாள். வாயிலருகே நின்று, “அக்கா, எசுதர் போனதுனால நான் போகல. நீங்க எந்திரிச்சு நின்னீங்கல்ல, அதுக்குத்தான் போறேன்,” என்றாள். சாளரத்தின் வழியே பெண்கள் பார்த்திருக்க, அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பாது, மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்தை நோக்கிப் பனியில் விரைந்தாள். நெசவாலை ஊருக்குச் செல்லும் மாலை வண்டி நிலையத்துக்கு வர இன்னும் பொழுதிருந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. தொற்காள் மட்டும் ஓடிப்போய்த் தன் கையுறைகளை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தியில் வீடு திரும்பிய அக்சாள், கணவர் விளக்கேற்றி அடுப்படியில் அமர்ந்திருக்கக் கண்டாள். அவர் மேசையில் உணவு தொடப்படாதிருந்தது.

“கில்மன் வந்துட்டுப் போனாரு,” என்றார் எலியாப். “வேனிலுக்கு வேற ஊர் பாத்துக்கணுமாம்.”

“என்னால வந்த வினைங்க.”

“ஆமா, உன்னாலதான்.” அவர் மென்மையான மனிதர், ஆயினும் அதனை மறுத்துச் சொல்லவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக் கேட்டார்: “அதுல ஒரு புருசன் வர்றானாமே. அது நானா?”

“இல்லீங்க,” என்றாள் உடனே. அவர் முகத்தைப் பார்த்தாள்; இன்று ஒருத்தி பொய்யாய்ப் படித்தது போதும் என்று தோன்றிற்று. “சில எடத்துல.”

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “படி. நான் மூஞ்சியச் சுளிச்சாலும் எதையும் மாத்தாம படி.”

அவள் படித்தாள். சில இடங்களில் அவர் முகம் சுளித்தார். ஓரிடத்தில் எழுந்து போய், மறுபடியும் வந்து அமர்ந்தார். வேனிலில் அவர்கள் ஏல்டனை விட்டு நீங்கி, ஏழைகள் மிக்க துறைமுக ஊரொன்றில் சிறிய கோயிலில் பணி பெற்றனர். லவீனாவையும் மகளையும் தேடி ஈரா ஒருமுறை நெசவாலை ஊருக்குப் போனான் என்றும், ஆலைப் பெண்கள் அவனைத் திருப்பியனுப்பினர் என்றும் கேள்விப்பட்டதோடு சரி.

அதன்பின் அக்சாள் வெண்டல் தன் பெயராலேயே எழுதிய நூல்கள் பல. கதவைச் சாத்திச் சென்ற பெண்களைப் பாடி அவள் பெற்ற புகழ் பெரிது. ஆயினும் ஆன்றோர் இன்றும் தலையாயது என்று போற்றுவது, எங்கும் போகாது, எவரும் காணாது, நாள்தோறும் பால் இறக்கி வைத்தே வாழ்ந்து தீர்ந்த ஒரு மூப்பரம்மாவின் கதையையே. எழுதி எழுதிக் கிழித்து, உண்மை அகப்படும்வரை ஆண்டுக்கணக்கில் அவள் அதனை விடவில்லை. அச்சேறிய முதற்படியை ஏல்டனுக்கு அனுப்பிவைத்தாள். ஆண்டுகள் மிகக் கடந்துவிட்டிருந்தன. அங்கே தையற்கூட்டத்தில் தொற்காள் அதனை ஓர் எழுத்தும் மாற்றாது படித்து முடித்தாளாம். கேட்க வேண்டியவளோ அதற்கு முந்தைய பனிக்காலத்திலேயே மண்ணுக்குள் போயிருந்தாள்.