படுக்கையை அறுத்தவள்

நெரிடா தன் பாய்மரப் படகின் படுக்கைப் பலகையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தபோது, அது கட்டியிருந்த போவன் ஊர்த் துறைக்கு, அதை வாங்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு அண்ணன் கிளைவ் வந்து சேர்ந்தான்.

வந்தவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஆள் உட்காரும் அளவுக்குப் படுக்கையில் ஓட்டை. எங்கும் மரத்தூள்.

"விக்கிறதுக்குன்னு சொன்னாங்களே?"

"அவன் வீட்ல ஏதாவது இருந்தா விக்கட்டும். இது என் படகு."

அவர் சங்கடமாகச் சிரித்துவிட்டுக் கிளம்பினார். கிளைவுக்கு முகம் கறுத்தது. "உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? வயித்துல குழாயை வச்சுக்கிட்டு கடலுக்குப் போறியா?"

போன வருடம் அவளது சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து ரத்தம் சுத்தமாக, தினமும் நாலு தடவை வயிற்றிலிருக்கும் பழைய திரவத்தை வடித்துவிட்டு, பையிலிருக்கும் புதியதைக் குழாய் வழியாக உள்ளே இறக்க வேண்டும். வீட்டில் பெட்டி பெட்டியாகப் பைகள் அடுக்கியிருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: பைகள் சுத்தமாக, நனையாமல், சூடேறாமல் இருக்க வேண்டும். மற்ற எல்லோரும் அவளை நாற்காலியில் உட்காரவைப்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

"குழாய் என் வயித்துல இருக்கு. உனக்கு ஏன் வலிக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி ரம்பத்தை எடுத்தாள்.

படுக்கைக்கடியில் பைகளை அடுக்க அவளுக்கு இடம் வேண்டியிருந்தது. படகின் உட்பக்கம் வளைவு. கடையில் விற்கும் பெட்டி எதுவும் பொருந்தவில்லை. காலை உணவு அட்டைப்பெட்டிகளைக் கத்தரித்து வளைவின் அச்சு எடுத்தாள். அதே வடிவில் ஒட்டுப்பலகையை வெட்டித் தட்டுகள் செய்தாள். பைகள் வந்த அட்டைப்பெட்டிகள் ஈரத்தில் ஊறிப்போகும் என்று அவற்றைத் தூக்கிப்போட்டு, பைகளை மூடிபோட்ட பிளாஸ்டிக் தொட்டிகளில் வைத்து, தட்டுகளில் நெருக்கி இறக்கினாள். துணிமணிகள் கூரையோரம் வலைகளில் ஏறின.

முதல் முறை ஏற்றிப் பார்த்ததும் படகு இடப்பக்கம் சாய்ந்து நின்றது. வலப்பக்கப் படுக்கைக்கடியில் காலித் தண்ணீர்த் தொட்டி இடத்தைப் பிடித்திருந்ததால் பைகளை எல்லாம் இடப்பக்கமே அடைத்திருந்தாள்.

கிளைவ் துறையில் நின்று சிரித்தான். "படகுக்கே படுக்கணும் போல இருக்கு. படுக்கையைத்தான் அறுத்துட்டியே."

அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் அத்தனையையும் இறக்கினாள். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி வெளியே எறிந்தாள். தண்ணீருக்கு மடங்கும் ரப்பர் பைகளை வாங்கி, கனத்தை இரண்டு பக்கமும் பிரித்து அடியில் வைத்தாள். படகு நிமிர்ந்து நின்றது.

வானிலை தெளிந்த ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்தாள்.

குளோஸ்டர் தீவை நெருங்கும்போது தென்கிழக்குக் காற்று திடீரென்று வலுத்தது. படகு சரிந்து குதித்தது. தேநீர்க் கெண்டி பறந்தது, ரொட்டி தரையில் உருண்டது. அவள் சுக்கானைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு தொட்டிகூட நகரவில்லை. வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் காற்றைத் திட்டினாள். பயமாகத்தான் இருந்தது, திரும்பிப் போகத் தோன்றவில்லை.

தீவின் மறைவில் நங்கூரமிட்டு, கதவுகளைச் சாத்தி, கையைத் தேய்த்துக் கழுவினாள். கூரையில் திருகியிருந்த கொக்கியில் பையை மாட்டினாள். திரவம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது போனில் கிளைவ் அழைத்தான்.

"எங்கடி இருக்க?"

"தீவுகிட்ட. பையை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நல்லா இருக்கியா?"

"பசிக்குது. ரொட்டியில மரத்தூள் ஒட்டியிருக்கு. அதைத்தான் திங்கப்போறேன்."

"சரி, அடுத்த தடவை நானும் வர்றேன். தனியா போகாத."

நெரிடா உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தாள். சும்மா கிடந்த இடம் கையளவு கூட இல்லை.

"உன்னை வைக்க இடமில்லடா," என்றாள். "வேணும்னா படகோட வாலைப் பிடிச்சுக்கிட்டு நீந்தி வா."