திருப்பி அச்சான வீடு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே, அந்த நாள் எப்படியாவது முடிந்து தொலைந்தால் தேவலை என்றிருந்தது வசுமதிக்கு. ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தவள் அப்போதுதான் கடைசி ஜன்னலை ஒட்டி முடித்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிந்தது. சாப்பாட்டு மேசையின் மேல் அட்டை வீடு நின்றது. கேளம்பாக்கத்தில் அவளும் மகள் சஹானாவும் இருக்கும் இதே ஃபிளாட், ஏ பிளாக் மூன்றாவது மாடி, ஒரு அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில், கூரை இல்லாமல்.

சஹானாவுக்கு எட்டு வயது. நாளை சாயங்காலம் அவள் எதிரே பி பிளாக்கில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போகிறாள். இதுவரை வார நாட்கள் இங்கே, சனி ஞாயிறு அங்கே. இனிமேல் அது தலைகீழாகிறது; அதனால் இந்தச் சனி ஞாயிறு இங்கே. சிறுசேரியில் வசுமதி வேலை பார்க்கும் கம்பெனி அவளை மதியம் இரண்டு முதல் இரவு பதினொன்று வரையிலான ஷிஃப்டில் போட்டுவிட்டது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டி, உருகி உருகிக் கேட்டார். ஷிஃப்டை மட்டும் மாற்றவில்லை.

சஹானாவின் அப்பா பிரவின்குமாருக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆகவே குழந்தை அங்கே இருப்பதுதான் நியாயம் என்று எல்லோரும் சொன்னார்கள். செங்கல்பட்டு கோர்ட்டில் பிரிந்தபோதே குழந்தைக்காக ஒரே குடியிருப்பில் இருப்பதென்று இருவரும் பேசி முடித்தவர்கள்தான். பால்கனியில் நின்றால் அவன் வீட்டுத் துணி காய்வது தெரியும். அவ்வளவு பக்கம். இருந்தும் வசுமதிக்கு ஒரு பயம். ஆறு மாதம் போனால், "நம்ம வீடு" என்று குழந்தை எதைச் சொல்லும்?

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த அட்டை வீடு. அங்கே சஹானா படுக்கும் அறையில் இருக்கட்டும், தினமும் கண்ணில் படட்டும் என்று நினைத்தாள். இந்த வேலை வசுமதிக்குப் புதிதல்ல. அட்டை வெட்டும் மிஷினும் பிரிண்டரும் சின்னதாக ஒரு த்ரீ-டி பிரிண்டரும் வாங்கி, பொம்மை வீட்டுச் சாமான்கள் செய்து நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள்தான். தரையின் படத்தை, டைல்ஸும் சுவர்க் கோடுகளும் சேர்த்து, பெரிய ஸ்டிக்கர் தாளில் அச்செடுத்து ஒட்டினாள். ஒரு சுவருக்கு மூன்று அட்டை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். கடல் காற்றுக்கு ஒற்றை அட்டை இரண்டே நாளில் நெளிந்துவிடும். பச்சை சோபா, குக்கர், தன் கட்டில், அதன் மேல் விரிக்கும் ஊதாப் போர்வை, தலைமாட்டில் கழற்றி வைக்கும் மூக்குக் கண்ணாடி. கண்ணாடி ஒரு அரிசி அளவுதான். அதற்கே நான்கு தடவை அச்செடுக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம், வேலை நாளென்றால் குழந்தை எழுந்திருக்கும் முன், லீவு நாளென்றால் மதியம்.

எட்டு மணிக்கு ஆதியம்மாள் வந்தாள். கோவளம் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, அந்தக் குடியிருப்பில் ஆறு வீடு பெருக்கித் துடைப்பவள். விளக்குமாறும் கையுமாக மேசைப் பக்கம் வந்து குனிந்து பார்த்தாள்.

"சோக்கா கீதும்மா. சார் வூட்ட அப்டியே செஞ்சிகீறியே!"

"இல்லக்கா, இது இந்த வீடுதான்."

"எங்கம்மா? இதுல வாசல்ல நுழைஞ்சா சமையல்கட்டு சோத்தாங்கை பக்கமா கீது. இந்த வூட்ல பீச்சாங்கை பக்கமில்ல கீது? ரெண்டு வூட்டையும் தெனம் நான்தான பெருக்கிகினு கீறேன், எனுக்குத் தெரியாதா?"

வசுமதி எழுந்து வாசல் கதவருகே போய் நின்று உள்ளே பார்த்தாள். சமையலறை இடது பக்கம். மேசைக்கு வந்து பார்த்தாள். வலது பக்கம். படுக்கையறை, பால்கனி, எல்லாமே இடம் வலமாக மாறியிருந்தது. ஏ பிளாக்கையும் பி பிளாக்கையும் கட்டினவன் ஒரே பிளானைத் திருப்பிப் போட்டுக் கட்டியிருந்தான். அவள் மூன்று வாரமாகக் கண்ணும் கருத்துமாகக் கட்டியது பிரவின்குமாரின் வீட்டை.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போன மாதம் குடியிருப்பு விளையாட்டு விழாவுக்கு டி-ஷர்ட்டில் இஸ்திரி போட்டு ஒட்டும் தாளில் பெயர்கள் அச்சடித்துக் கொடுத்திருந்தாள். அந்தத் தாளில் எழுத்தைத் திருப்பி அடித்தால்தான் துணியில் நேராக விழும். அதற்காகக் கம்ப்யூட்டரில் 'திருப்பி அச்சிடு' என்ற கட்டத்தில் போட்ட டிக்கை எடுக்க மறந்திருந்தாள். பிரிண்டர் மறக்கவில்லை. தரைப் படத்தையும் விசுவாசமாகத் திருப்பி அடித்துக் கொடுத்துவிட்டது. அச்சான கோட்டின் மேலேயே இவளும் சுவர்களை நிறுத்திக்கொண்டு போயிருக்கிறாள். கம்பெனியில் அவள் வேலை அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பது. அதற்காகப் போன வருடம் ஒரு கேடயம் வேறு கொடுத்தார்கள்.

சிரிப்பு வரவில்லை. அழவும் தெம்பில்லை. பெரிய ஸ்டிக்கர் தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. சுவர்களைப் பிரித்தால் தரையும் சேர்ந்து கிழியும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆதியம்மாள் பாத்திரம் தேய்த்துவிட்டு, போகும்போது அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வுடும்மா. கொயந்தைக்கு இதெல்லாம் இன்னா தெரியப்போவுது."

ஒன்பதரைக்கு சஹானா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். நேராக மேசைக்குத்தான் போனாள்.

"முடிச்சிட்டியாம்மா?"

வசுமதிக்குப் பொய் சொல்லும் எண்ணம் இருந்தது. பொய்யை யோசித்துச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

"முடிச்சிட்டேன்டா. ஆனா அம்மா ஒரு தப்பு பண்ணிட்டேன். வீடு மாறிப்போச்சு."

"அப்பா வீடுதானே? எனக்கு அன்னிக்கே தெரியும். சுவரெல்லாம் நிக்க வெச்சியே, அன்னிக்கு."

"தெரியுமா? அப்புறம் ஏன்டா சொல்லல?"

சஹானா மேசையைச் சுற்றி வந்தாள். சின்ன விரலால் வலது பக்கச் சமையலறையைத் தொட்டாள், சோபாவைத் தொட்டாள், கடைசியில் ஊதாப் போர்வை விரித்த கட்டிலுக்கு வந்து நின்றாள்.

"நீ அப்பா வீட்டுல உன் கட்டில வெச்சே. அப்புறம் கண்ணாடி வெச்சே. அதனால நீயும் அங்க வரப்போறேன்னு நெனச்சேன். சர்ப்ரைஸ்னு நெனச்சேன். அதான் கேக்கல."

இரண்டு வாரமாக இந்தக் குழந்தை ரகசியத்தைக் கட்டிக் காத்திருக்கிறது. ஸ்கூலுக்குப் போகும்போது அத்தனை சந்தோஷமாக இருந்ததற்கும், பையை அடுக்க வா என்றதும் துள்ளி ஓடி வந்ததற்கும் காரணம் இதுதானா? அப்பா வீட்டு மோகம் என்று நினைத்து வசுமதி உள்ளுக்குள் புழுங்கியிருந்தாளே பாவி.

மகளை இழுத்து மடியில் உட்கார வைத்தாள்.

"இல்லடா தங்கம். அம்மா வரல. பிரிண்டர்ல ஒரு டிக் எடுக்க மறந்துட்டேன். அதான் நம்ம வீடு திரும்பி அச்சாயிடுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

கீழே தண்ணீர் லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. சஹானா கையை நீட்டி அந்தக் கட்டிலைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். அது வரவில்லை.

"ஒட்டிட்டியாம்மா?"

"ஒட்டிட்டேன்."

"எடுக்க முடியாதா?"

"எடுத்தா தரை கிழிஞ்சிடும்."

சஹானா கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ இருக்கட்டும்," என்றாள்.